நெஞ்சுக்குழியில் ஓர் எதிரொலி

இதயம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் கல்லூரிக் கவிஞர்களுக்குப் பேனா துடிக்கத் தொடங்கிவிடும். இந்த மலரிலும் இதயம் உடைந்திருக்கும், கரைந்திருக்கும், களவு போயிருக்கும். அதில் எனக்கு ஐயமில்லை. நான் எழுத வந்ததும் இதயத்தைப் பற்றித்தான். ஆனால் இது மூடிய கை அளவும் ஏறத்தாழ 300 கிராம் எடையும் உள்ள, தசையாலான ஒரு பம்பைப் பற்றியது. அந்தப் பம்பில் உண்மையாகவே காயம் பட்டால் என்ன ஆகும், மார்பைத் திறக்காமலே அதை எப்படிக் கண்டுகொள்கிறார்கள் என்பதைச் சென்ற ஆண்டு ஒரே பகலில் நான் தெரிந்துகொள்ள நேர்ந்தது. நான் இயற்பியல் மாணவன். மருத்துவம் பயின்றவன் அல்லன். கண்ணால் கண்டதையும், மருத்துவர்கள் பொறுமையாகச் சொன்னதையும், பின்னர் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

என் அண்ணன் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறார். அவர் பத்தாம் வகுப்போடு நின்றுகொண்டதால்தான் நான் பி.எஸ்ஸி. மூன்றாம் ஆண்டு வரை வந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

அன்று பட்டறையில் துருவேறிய பின் ஒன்று கழலவில்லை. இன்னொருவர் உளியை வைத்துப் பிடிக்க, அண்ணன் சம்மட்டியால் அடித்திருக்கிறார். ஆறாவது அடியோ ஏழாவது அடியோ விழுந்தபோது நெஞ்சில் எறும்பு கடித்தாற்போல் சுரீர் என்றதாம். சட்டையை விலக்கிப் பார்த்தால், மார்பெலும்புக்கு இடப்பக்கம் குங்குமப் பொட்டளவு ஒரு காயம். இரண்டு சொட்டு இரத்தம். மேஸ்திரி துணியை வைத்து அழுத்தி, ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார். அண்ணன் மறுபடியும் சம்மட்டியை எடுத்திருக்கிறார். அரை மணி கழித்து உடம்பெல்லாம் வியர்த்து, படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். தேர்வு விடுமுறையில் வீட்டிலிருந்த எனக்குக் கைபேசியில் செய்தி வந்தது. அம்மாவை அழைத்துக்கொண்டு நான் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் அவசரப் பிரிவுக் கட்டிலில் பாதி நிமிர்ந்த நிலையில் இருந்தார்.

"ஒண்ணுமில்லீங்கம்மா, சின்னக் கீறல்தான். ஒரு தையல் போட்டு ஊசி போட்டா சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்று மேஸ்திரி அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் காயத்தைப் பார்த்தவர் யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். பணியிலிருந்த டாக்டரம்மா மட்டும் காயத்தைப் பார்த்துவிட்டு அண்ணனின் கழுத்தைப் பார்த்தார். கழுத்தின் இருபுறமும் நரம்புகள் புடைத்திருந்தன. இரத்த அழுத்தம் 90-க்கும் கீழே. நாடி ஓடிக்கொண்டிருந்தது. உடனே ஒரு தள்ளுவண்டியில் திரையும் கைப்பிடியுமாக இருந்த கருவியைக் கொண்டுவரச் சொன்னார்.

இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்திவிட்டு, இதயத்தைச் சுற்றியுள்ள ஒரு பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் டாக்டரம்மாவின் அவசரம் புரியாது.

நம் இதயம் மார்புக்குள் ஓர் உறையில் இருக்கிறது. பெரிகார்டியம் என்பது அதன் பெயர். உறைக்கும் இதயத்துக்கும் நடுவே 15 முதல் 50 மில்லி வரை வழுவழுப்பான நீர் உண்டு. கிரீஸ் போட்ட பேரிங் போல இதயம் உராயாமல் அசைவதற்காக. உறையோ கெட்டியான நார்களால் ஆனது. நாள்பட மெல்ல மெல்ல இழுத்தால் நீளும். திடீரென்று இழுத்தால் நீளாது. காசநோய் போன்றவற்றால் வாரக்கணக்கில் நீர் சேரும்போது ஒரு லிட்டருக்குக்கூட இடங்கொடுத்துவிடும். காயத்தால் சில நிமிடங்களில் இரத்தம் கசிந்து சேர்ந்தாலோ, 150 அல்லது 200 மில்லியே ஆளைக் கொல்லப் போதும். ஒரு காப்பித் தம்ளர் அளவு! இதயத்துக்குச் சுருங்கத் தடையில்லை, விரிய இடமில்லை. விரியாத பம்புக்குள் எதுவும் வந்து நிறையாது. நிறையாத பம்பு எதையும் வெளியே தள்ளாது. உடம்பிலுள்ள ஐந்து லிட்டர் இரத்தமும் ஏறக்குறைய அப்படியே இருக்க, ஒரு தம்ளர் இரத்தம் தவறான இடத்தில் நின்றுவிட்டதற்காக மனிதன் இறந்துபோகிறான். டேம்பனேடு என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

இதைக் கண்டுபிடிக்க அமெரிக்க அறுவை மருத்துவர் கிளாட் பெக் என்பவர் 1935-இல் மூன்று அடையாளங்களைச் சொல்லிவைத்தார். இரத்த அழுத்தம் குறையும். கழுத்து நரம்பு புடைக்கும். இதய ஒலி மங்கும். தேர்வில் எழுதுவதற்கு அருமையான விடை. ஆனால் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வருவது குறைவு. வேறெங்கேனும் இரத்தம் நிறைய போயிருந்தால் கழுத்து நரம்பு புடைக்காது. அவசரப் பிரிவில் கேட்கும் கூச்சலில் இதய ஒலி மங்கியிருக்கிறதா என்று யார் காது கொடுத்துக் கேட்பது? எக்ஸ்ரே படமும் இதில் பெரிதாக உதவாது. உறை நீளவில்லையாதலால் இதயத்தின் நிழல் படத்தில் வழக்கமான அளவாகவே தெரியும்.

ஆகவே டாக்டரம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கேள்விக்கு விடை. உறைக்குள் இரத்தம் இருக்கிறதா, இல்லையா?

அண்ணனின் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, கைப்பிடியை நெஞ்சுக்குழியில் வைத்து, இடது தோளை நோக்கிச் சாய்த்து அழுத்தினார். திரையில் சாம்பல் நிறமாய் ஏதோ துடித்தது. அதைச் சுற்றி ஒரு கரிய பட்டை.

அந்தக் கைப்பிடிக்குள் என்ன இருக்கிறது என்பது நம் துறை மாணவர்களுக்குத் தெரியும். 1880-இல் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள் கண்ட அழுத்த மின் விளைவுதான். படிகத்தை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் அதிரும். நம் ஆய்வகத்தில் 2 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை வைத்துத் தண்ணீரில் ஒலியின் வேகத்தைக் கண்டுபிடிக்கிறோமல்லவா, அதே வேலையைத்தான் மருத்துவமனைக் கருவியும் செய்கிறது. அங்கே குவார்ட்சுக்குப் பதிலாகச் செயற்கைப் பீங்கான் வகைப் பொருள். தண்ணீருக்குப் பதிலாக மனித உடம்பு. உடம்பின் மென்மையான தசைகளில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1540 மீட்டர். 3 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் அரை மில்லிமீட்டர். பத்து சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள இதயச் சுவரில் பட்டு எதிரொலி திரும்ப 130 மைக்ரோ வினாடி போதும். வினாடியில் பல்லாயிரம் முறை போய்வந்து படமாகிவிடுகிறது. எதிரொலி எங்கிருந்து வரும்? அடர்த்தியும் வேகமும் மாறும் எல்லைகளிலிருந்து வரும். தசை சாம்பல் நிறம். உறை வெண்கோடு. ஓடும் இரத்தமோ எதிரொலியை மிகக் குறைவாகவே திருப்பியனுப்புவதால் கறுப்பு. சாம்பலுக்கும் வெண்கோட்டுக்கும் நடுவில் கறுப்பு தெரிந்தால், இருக்கக்கூடாத இடத்தில் ஏதோ திரவம் இருக்கிறது என்று பொருள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இக்கருவியின் பிறப்புக் கதை. சுவீடன் நாட்டில் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் நண்பர்கள். இந்த ஹெர்ட்ஸ் யார் தெரியுமா? இரண்டாம் ஆண்டில் நாம் மனப்பாடம் செய்த பிராங்க் - ஹெர்ட்ஸ் சோதனையில் வரும் குஸ்டாவ் ஹெர்ட்ஸின் மகன்! அதிர்வெண்ணின் அலகுக்குப் பெயர் தந்த ஹைன்ரிச் ஹெர்ட்ஸோ குஸ்டாவுக்குப் பெரியப்பா சித்தப்பா முறை. மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் இரும்புத் தகடுகளின் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று மீயொலியால் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. ஹெல்முத் அங்கே போய் அதைத் தம் நெஞ்சின்மீதே வைத்துப் பார்த்தார். திரையில் ஓர் எதிரொலி துடிப்புக்கேற்ப முன்னும் பின்னும் நகர்ந்தது. பிறகு சீமென்ஸ் நிறுவனத்திடமிருந்து அத்தகைய கருவி ஒன்றை இரவல் பெற்று, 1953 அக்டோபர் 29 அன்று இதயச் சுவரின் அசைவை முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். இரும்பின் ஊனத்தைப் பார்க்கப் பிறந்த கருவியின் வழித்தோன்றல், என் அண்ணனின் நெஞ்சில் இரும்பு செய்த ஊனத்தைப் பார்க்க வந்தது. 1965-இல் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரின் ஹார்வி ஃபைகன்பாம், இதய உறைக்குள் நீர் இருப்பதை இம்முறையில் காணலாம் என்று எழுதிக் காட்டினார். எதிரொலிக்கு ஆங்கிலத்தில் எக்கோ என்று பெயராதலால், இன்று நம் ஊர்ப் பாட்டிமார்கூட "எக்கோ எடுத்தாச்சா?" என்று கேட்கிறார்கள்.

இதயக் காயத்தைத் தைக்கலாம் என்பது இதற்கும் மிக முந்திய செய்தி. 1896 செப்டம்பர் 9 அன்று ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், கத்திக்குத்துப் பட்ட 22 வயது இளைஞர் ஒருவரின் வலது வெண்ட்ரிக்கிளில் மூன்று பட்டு நூல் தையல் போட்டுப் பிழைக்க வைத்தார். ஆகத் தைக்கும் கை பல காலமாகவே இருந்திருக்கிறது. எந்த நெஞ்சைத் திறக்க வேண்டும் என்று நேரத்தோடு சொல்லும் கண்தான் இல்லை.

அந்தக் கண் வந்ததால் ஏற்பட்ட வேறுபாட்டை அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகர மருத்துவர்கள் 1992-இல் கணக்குப் பார்த்து வெளியிட்டார்கள். பத்தாண்டுகளில் இதயத்தில் துளைக்காயத்தோடு வந்தவர்கள் 49 பேர். அவசரப் பிரிவிலேயே எக்கோ பார்க்கப்பட்டவர்கள் 28 பேர். அவர்களுக்கு நோயறிய ஆன நேரம் சராசரி 15 நிமிடம் சொச்சம். அத்தனை பேரும் பிழைத்தார்கள். எக்கோ பார்க்கப்படாத 21 பேருக்கு 42 நிமிடம். அவர்களில் பிழைத்தவர்கள் 12 பேர்தான். முன்கூட்டித் திட்டமிட்டுப் பிரித்த இரு குழுக்கள் அல்லவாதலால் எல்லாப் பெருமையையும் கருவிக்கே கொடுத்துவிட முடியாது என்று எங்கள் புள்ளியியல் ஆசிரியர் சொல்வார். சொல்லட்டும். 1999-இல் பல மருத்துவமனைகள் சேர்ந்து 261 பேரைப் பார்த்து வெளியிட்ட ஆய்வில், உண்மையாகவே இதயக் காயம் இருந்த 29 பேரில் ஒருவரைக்கூடக் கருவி தவறவிடவில்லை. இல்லாத காயத்தை இருப்பதாகக் காட்டியது 7 பேரிடம் மட்டுமே.

மீண்டும் அந்தக் கட்டிலுக்கு வருகிறேன். திரையைப் பார்த்துக்கொண்டே டாக்டரம்மா பக்கத்திலிருந்த பயிற்சி மருத்துவரிடம் விரலால் காட்டி ஏதோ சொன்னார். அதன் பொருளைப் பின்னர் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கறுப்புப் பட்டை இருப்பது மட்டும் போதாதாம். அது இதயத்தை நெரிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதயத்தின் வலப்பக்க அறைகளின் சுவர் மெல்லியது. உள்ளே அழுத்தமும் குறைவு. ஆகையால் அவைதாம் முதலில் தோற்கும். விரிய வேண்டிய நேரத்தில் வலது வெண்ட்ரிக்கிளின் சுவர் உள்ளே குழிந்து விழுந்தது. வயிற்றிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் பெருநாளம், வாசல் அடைத்த வாய்க்கால் போலப் பெருத்து, மூச்சை இழுக்கும்போதும் சுருங்காமல் நின்றது. இரண்டையும் பார்த்ததும் அவர் கைப்பிடியைத் துடைத்து வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்துவிட்டார். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம் இருக்கும்.

"டாக்டரம்மா, சின்னக் காயந்தானுங்களே, எதுக்குங்க ஆபரேசன்?" என்று அம்மா கேட்டார்.

"அம்மா, வெளியில இருக்கிற காயத்தைப் பாக்காதீங்க. உள்ள இரத்தம் இதயத்தைப் போட்டு அமுக்குது. இப்பவே எடுத்துவிட்டாத்தான் உங்க மகன் பிழைப்பாரு. கையெழுத்துப் போடுங்க."

அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அன்று அவர் கை ஓடவில்லை. நான் போட்டேன். உறவு என்ற இடத்தில் "தம்பி" என்று எழுதினேன்.

ஊசியைச் செலுத்தி அந்த இரத்தத்தை உறிஞ்சி எடுத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. காயத்தால் வந்த இரத்தம் பெரும்பாலும் உறைந்து கட்டியாகிவிடுமாம், ஊசியில் வராது. வந்தாலும் ஓட்டை அப்படியேதான் இருக்கும். அறுவை அரங்கம் எட்டாத தொலைவில் இருந்தால் உயிரைச் சற்று நேரம் பிடித்துவைக்க அது உதவும், அவ்வளவுதான். இன்னொரு செய்தி என்னை உலுக்கிவிட்டது. நெரிபட்ட இதயம் உள்ளவருக்கு மயக்க மருந்து கொடுத்தவுடன் இரத்த அழுத்தம் அடியோடு விழுந்துவிடக் கூடும். அதனால் நோயாளி விழித்திருக்கும்போதே மார்பைத் துடைத்து, துணி விரித்து, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டுதான் மயக்கம் கொடுப்பார்களாம். அண்ணன் அத்தனையையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

உறையைத் திறந்ததும் இரத்த அழுத்தம் தானாகவே ஏறியது என்றார்கள். வலது வெண்ட்ரிக்கிளில் சிறிய ஓட்டை, தையல் போட்டார்கள். தசையில் பதிந்திருந்த இரும்புச் சில்லு நொய்யரிசி அளவுகூட இல்லை. அதை ஒரு பிளாஸ்டிக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள்.

இக்கருவியை எல்லாம் வல்லது என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. காற்று இதற்குப் பரம எதிரி. மீயொலி காற்றின் எல்லையில் ஏறக்குறைய முழுவதுமாகத் திரும்பிவிடும். பசை தடவுவதே தோலுக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள காற்றை விலக்கத்தான். நுரையீரல் கிழிந்து தோலுக்கடியில் காற்று பரவியிருந்தால் திரையில் ஒன்றும் தெரியாது. இதயத்தின் முன்புறமுள்ள கொழுப்பு சிலருக்கு இரத்தம் போலவே கண்ணை ஏமாற்றும். உறைந்த இரத்தம் கறுப்பாக இல்லாமல் சாம்பலாகிப் பக்கத்துத் தசையோடு கலந்துவிடும். எல்லாவற்றிலும் கொடியது ஒன்று உண்டு. இதயத்தோடு உறையும் கிழிந்திருந்தால் இரத்தம் உறைக்குள் தங்காமல் இடது நுரையீரல் பக்கம் வடிந்துவிடும். அப்போது இதயத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டையே இராது, காயமோ இருக்கும். ஆதலால் இடது மார்பில் இரத்தம் தேங்கிய துளைக்காயக்காரரிடம் "எக்கோ சுத்தம்" என்ற சொல்லை நம்பி இருந்துவிடக்கூடாது. மறுபடி மறுபடி பார்க்க வேண்டும். ஐயம் தீராவிட்டால் உறையில் சிறு சன்னல் திறந்தே பார்க்க வேண்டும்.

துளைக்காமல் மோதிய காயங்கள் வேறு வகை. பேருந்தோ லாரியோ மோதி, ஸ்டியரிங் வட்டம் ஓட்டுநரின் நெஞ்சில் இடித்தால், மார்பெலும்புக்கு நேர் பின்னால் இருக்கும் வலது வெண்ட்ரிக்கிள்தான் பெரும்பாலும் அடிபடும். அங்கே முதலில் ஈசிஜியும் டிரோபோனின் என்ற இரத்தச் சோதனையும் பார்க்கிறார்கள். இரண்டும் சரியாக இருந்தால் இதயத்தில் பொருட்படுத்தத்தக்க அடி இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாமாம். இரத்த அழுத்தம் தேறாவிட்டாலோ, துடிப்பு தாளம் தப்பினாலோதான் எக்கோ. வால்வு கிழிந்திருக்கிறதா, சுவரின் ஒரு பகுதி அசையாமல் மரத்திருக்கிறதா என்று அது காட்டும்.

தைத்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதும் எனக்குப் புதிய செய்தி. இரு வெண்ட்ரிக்கிள்களுக்கும் நடுவிலுள்ள சுவரில் நுண்ணிய ஓட்டை விழுந்திருந்தால் முதல் நாள் அவசரத்தில் அது தெரியாமல் போகலாம். சில நாள் கழித்து வெளிப்படும். வால்வைத் தாங்கும் நூல் ஒன்று அறுந்திருக்கலாம். உறைக்குள் மறுபடியும் நீர் கோத்துக்கொள்ளலாம். ஆகவே மறுநாள் ஓர் எக்கோ, வீட்டுக்கு அனுப்பும் முன் ஓர் எக்கோ, ஒரு மாதம் கழித்து ஓர் எக்கோ என்று அண்ணனுக்குப் பார்த்தார்கள்.

அந்த ஒரு மாத எக்கோவுக்கு நான் உடன் போயிருந்தேன். இம்முறை அவசரம் ஒன்றுமில்லை. இருட்டு அறை, மின்விசிறி, அமைதி. அண்ணன் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்ணம் போட்டுக் காட்டும் பொத்தானை மருத்துவர் அழுத்தியதும், கருவியை நோக்கி வரும் இரத்தம் சிவப்பாகவும் விலகிப் போகும் இரத்தம் நீலமாகவும் ஓடியது. நான் டாப்ளர் விளைவு என்று நினைத்துக்கொண்டேன். அண்ணனுக்கு வேறு கவலை.

"சார், வால்வு லீக்கில்லாம மூடுதுங்களா?"

மருத்துவர் சிரித்துவிட்டுத் திரையை அவர் பக்கம் நன்றாகத் திருப்பி வைத்தார். நான்கு வால்வுகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்துக்கொண்டு, பட்டறையில் வண்டிக்காரரிடம் வேலையை ஒப்படைக்கும் முன் பார்ப்பதுபோலப் பார்த்தார். நடுச்சுவரிலும் ஓட்டை இல்லை. ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை வரவேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். வாரத்தில் எந்த நாள் என்று அண்ணன் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை எக்கோ அறை திறக்காது என்றார்கள். ஒரு நாள் கூலி போகுமே என்று வெளியே வந்து முணுமுணுத்தார். அந்தச் சீட்டை மட்டும் நான்காய் மடித்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.